பாதியில் மூடிய புத்தகம்

நாவலைப் படித்தபின் அதன் திரைப்படத்தைப் பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை ஒன்றுண்டு. "புத்தகத்தில் இருந்தது படத்தில் இல்லையே" என்பார்கள். பெரும்பாலும் இது நியாயமற்ற குறை. நானூறு பக்கத்துக் கதையை ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அடக்க முனையும் நெறியாளர் எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும். ஆகவே விட்டவற்றைப் பட்டியல் போடுவதில் அதிக பயனில்லை. விட்டதனால் கதையின் பொருள் மாறிப்போயிற்றா என்று கேட்பதே பயன் தரும். நேயர்களே, இன்று நான் எடுத்துக்கொள்ளும் நாவலைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியைக் கேட்டவர் விமர்சகர் அல்லர், நூலாசிரியரே கேட்டார். கேட்டதோடு நில்லாமல் நீதிமன்றம் வரையும் சென்றார். தோற்றும் போனார்.

நாவலின் பெயர் "முடிவற்ற கதை". ஜேர்மன் மொழியில் 1979ஆம் ஆண்டு ஸ்ருட்கார்ட் நகரிலிருந்து வெளிவந்தது. எழுதியவர் மைக்கல் எண்டெ. ரால்ஃப் மான்ஹைம் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1983இல் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1984இல், அதே பெயரில் திரைப்படம் வெளியாயிற்று. நெறியாளர் வுல்ஃப்காங் பீற்றர்சன். நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றினுள் அடைபட்ட மாலுமிகளைப் பற்றி 1981இல் அவர் எடுத்த "படகு" என்ற படம் உலகப் புகழ் பெற்றிருந்தது. அந்தப் புகழை வைத்துக்கொண்டு, மியூனிக் நகரத்துப் பவேரியா ஸ்ரூடியோவில், ஏறத்தாழ 60 மில்லியன் மார்க் செலவில் இந்தப் படத்தை எடுத்தார்கள். அந்நாள் வரை மேற்கு ஜேர்மனியில் எந்தப் படத்துக்கும் இவ்வளவு பணம் செலவிடப்பட்டதில்லை. அதுமட்டுமன்று, ஜேர்மன் நாவலை ஜேர்மன் நெறியாளர் ஜேர்மனியிலேயே எடுத்த இப்படத்தில் நடிகர்கள் பேசியது ஆங்கிலம். இவ்வளவு செலவழித்தவர்களுக்கு அமெரிக்கச் சந்தை தேவைப்பட்டது. பின்னால் நிகழ்ந்த பலவற்றுக்கு விளக்கம் இந்த ஒரு தகவலிலேயே இருக்கிறது.

எண்டெ யார் என்பதைச் சற்றுத் தெரிந்துகொண்டால்தான் அவருடைய கோபம் நமக்கு விளங்கும். 1929இல் பிறந்தவர். தந்தை எட்கார் எண்டெ ஓர் ஓவியர். கனவுகளையும் அடிமனப் படிமங்களையும் தீட்டியவர். நாஜிகள் அந்த ஓவியங்களைச் சீர்கெட்ட கலை என்று முத்திரை குத்தி அவருக்குத் தடை விதித்தார்கள். ஆக, கற்பனையை அதிகாரம் ஏன் வெறுக்கிறது என்பதை மகன் வீட்டிலிருந்தே கற்றுக்கொண்டார். ஆனால் போருக்குப் பின்னர் வளர்ந்த புதிய மேற்கு ஜேர்மனியிலும் அவருக்கு வேறு திசையிலிருந்து ஒரு முத்திரை காத்திருந்தது. 1960களிலும் அடுத்த பத்தாண்டிலும் அங்குள்ள விமர்சகர்களுக்குச் சமூகப் பிரச்சினைகளைப் பேசும் எழுத்தே எழுத்து. குட்டி இயந்திர சாரதியும் பறக்கும் நாகமும் நேரத்தைத் திருடும் சாம்பல்நிற மனிதரும் உலவும் கதைகளை எழுதுபவர், யதார்த்தத்திலிருந்து ஓடி ஒளிபவர் என்று சொல்லப்பட்டார். இத்தகைய குற்றச்சாட்டு நமது விமர்சன உலகத்தவர்களுக்கும் கேட்டுப் பழகியதுதான். எண்டெ சலித்துப்போய் இத்தாலிக்குச் சென்று ரோமாபுரிக்கு அருகே குடியேறினார். "முடிவற்ற கதை" அங்கேதான் எழுதப்பட்டது. கற்பனை என்பது தப்பி ஓடுவதா என்ற கேள்விக்கு அவர் அளித்த பதில் என்று அந்த நாவலைப் படிக்கலாம். அந்தப் பதில் நாவலின் பின்பாதியில் இருக்கிறது. திரைப்படமோ முன்பாதியோடு முடிந்துவிடுகிறது.

முதலில் நூலின் உருவம் பற்றி ஒரு வார்த்தை. இந்நாவலை இரண்டு நிற மைகளில் அச்சிட்டார்கள். நம் உலகத்தில் நடப்பவை சிவப்பு நிறத்திலும், கற்பனை உலகில் நடப்பவை பச்சை நிறத்திலும் வரும். மொத்தம் இருபத்தாறு அத்தியாயங்கள். ஒவ்வொன்றும் ரோம அரிச்சுவடியின் ஓர் எழுத்தில், ஏ முதல் இசட் வரை வரிசையாகத் தொடங்கும். அந்த எழுத்துகளைச் சித்திரங்களாக வரைந்தவர் ரோஸ்வித்தா குவாட்ஃபிலீக் என்ற ஓவியர். கதையின் முதல் வரியே தலைகீழாய்க் கிடக்கும். ஒரு பழைய புத்தகக் கடையின் கண்ணாடிக் கதவிலுள்ள பெயரை உள்ளே நின்று பார்த்தால் எப்படித் தெரியுமோ, அப்படி. வாசகன் முதல் வரியிலேயே கடைக்குள்ளே நிறுத்தப்பட்டுவிடுகிறான்.

அந்தக் கடைக்குள் ஓடிவருகிறான் பஸ்டியன் என்ற சிறுவன். வயது பத்து அல்லது பதினொன்று. பருத்த உடம்பு, வெளிறிய முகம், வளைந்த கால்கள். படிப்பில் மந்தம், விளையாட்டில் ஒன்றுமில்லை. தாய் இறந்துவிட்டாள். தந்தை பல் வைத்தியர்களுக்குப் பொய்ப் பற்கள் செய்து கொடுப்பவர். மனைவி இறந்த நாளிலிருந்து மகனோடு பேச்சைக் குறைத்துக்கொண்டவர். பள்ளிக்கூடத்துப் பையன்கள் துரத்தியதால் கடைக்குள் புகுந்த பஸ்டியன், கொரியாண்டர் என்ற கடைக்காரர் தொலைபேசியில் பேசப் போன நேரத்தில் ஒரு புத்தகத்தைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். பள்ளிக்கூடத்தின் பரணில் ஒளிந்திருந்து அதைப் படிக்கிறான். அந்தப் புத்தகமும் இரண்டு நிறத்தில் அச்சிடப்பட்டதுதான்.

திரைப்படம் இந்த இடத்திலேயே இரண்டு மாற்றங்களைச் செய்துவிடுகிறது. இரண்டும் அற்பமானவை போலத்தான் தோன்றும். படத்தில் வரும் பஸ்டியன் மெலிந்த, பார்க்க அழகான பிள்ளை. பாரட் ஒலிவர் என்ற சிறுவன் நன்றாகவே நடித்தான்; குறை அவனுடையதன்று. இரண்டாவது, படத்துப் பஸ்டியன் புத்தகத்தைத் திருடவில்லை. திருப்பித் தருவதாக ஒரு துண்டு எழுதி வைத்துவிட்டு எடுத்துப் போகிறான். சினிமாக் கதாநாயகன் அவலட்சணமாகவும் இருக்கக்கூடாது, கள்வனாகவும் இருக்கக்கூடாது என்ற எண்ணம் போலும். ஆனால் நாவலில் அவன் அவலட்சணமானவன் என்பதாலேயே அவனுக்கு ஆசைகள் பிறக்கின்றன. திருடினான் என்பதாலேயே கடைசியில் திரும்பி வந்து ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. தொடக்கத்தில் இவ்விரண்டையும் துடைத்துவிட்டவர்கள் முடிவை நாவலின்படி எடுக்க நினைத்தாலும் எடுத்திருக்க முடியாது.

இனி அந்தப் புத்தகத்துக்குள்ளே நடக்கும் கதை. ஃபன்டாஸியென் என்ற கற்பனை நாட்டை "வெறுமை" என்ற ஒன்று சிறிது சிறிதாக விழுங்கி வருகிறது. அதன் மகாராணியான குழந்தைப் பேரரசி நோயுற்றிருக்கிறாள். மருந்து தேடி அற்றேயு என்ற வேட்டைக்காரச் சிறுவன் புறப்படுகிறான். துயரச் சதுப்பில் தன் குதிரையை இழக்கிறான். மோர்லா என்ற மூத்த ஆமையைச் சந்திக்கிறான். ஃபூஹூர் என்ற அதிர்ஷ்ட நாகத்தின் மீது ஏறித் தெற்கேயுள்ள வாக்குச் சொல்லும் இடத்துக்குப் போகிறான். பேரரசிக்குப் புதுப் பெயர் ஒன்று வேண்டும், அதை மனித உலகப் பிள்ளை ஒன்றுதான் சூட்டமுடியும் என்று அறிந்துகொள்கிறான். படித்துக்கொண்டிருக்கும் பஸ்டியன்தான் அந்தப் பிள்ளை. இதுவரை திரைப்படமும் நாவலின் வழியில்தான் செல்கிறது.

ஆனாலும் ஒரு கலை வடிவத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எது கைகொடுக்கும், எது கைவிடும் என்பதற்கு இந்தப் பகுதியில் நல்ல உதாரணங்கள் கிடைக்கின்றன. "வெறுமை"யையே எடுத்துக்கொள்வோம். அதை நோக்கினால் கண் தெரியாமற் போனது போலிருக்கும் என்கிறார் எண்டெ. அது இருளுமல்ல, ஒளியுமல்ல, பள்ளமுமல்ல. சொல்லால் இதைச் சொல்லிவிடலாம். கமராவால் பார்க்கமுடியாமையைப் படம் பிடிக்க முடியாது. எனவே படத்தில் அது கரிய மேகங்களோடு வரும் பெரும் புயலாயிற்று. புயல் என்றால் அது எங்கோ ஓரிடத்திலிருந்து வருகிறது, ஓய்ந்தும் போகும். இருப்பதே இல்லாமற் போகும் அந்த அச்சம் புயலில் இல்லை. தெற்கு வாக்கும் இப்படித்தான். நாவலில் அது யுயுலாலா என்ற குரல் மட்டுமே; அதற்கு உடம்பு கிடையாது; கவிதையில் கேட்டாலொழிய அதற்கு விளங்கவும் மாட்டாது. படத்தில் இரண்டு பெரிய சிலைகள் பேசுகின்றன. வானொலியில் பேசும் எனக்கு இந்த மாற்றத்தில் சற்று மனத்தாங்கல் உண்டு. உடம்பில்லாத குரலை எப்படிக் கேட்கச் செய்வது என்று வானொலிக்காரரிடம் அவர்கள் கேட்டிருக்கலாம்.

மறுபுறத்தில், படம் நாவலை வென்ற இடங்களும் இருக்கின்றன என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. நாவலில் அற்றேயுவின் குதிரை பேசும். சதுப்பில் அமிழும்போது தன்னை விட்டுப் போகும்படியும், தன் முடிவைப் பார்க்காமல் அப்பால் திரும்பும்படியும் அது கேட்டுக்கொள்கிறது. படத்தில் குதிரை பேசுவதில்லை. சேற்றில் அசையாமல் நிற்கிறது. சிறுவன் கடிவாளத்தைப் பிடித்து இழுத்துக் கத்துகிறான். அது மெல்ல மெல்ல இறங்குகிறது. பேசாத பிராணியின் அந்த மௌனம் எண்டெயின் உரையாடலைக் காட்டிலும் என்னை அதிகம் வருத்தியது. அதேபோல, கல் தின்னும் அரக்கன் நாவலில் தொடக்கத்தில் வரும் தூதர்களில் ஒருவன். படத்தில் அவன் பின்னரும் ஒருமுறை தோன்றித் தன் பெரிய கைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவு பலமுள்ள கைகளாலும் நண்பர்களைப் பிடித்து வைக்க முடியவில்லை என்பதுதான் அவன் துயரம். இந்தக் காட்சி திரைக்கதையில் பிறந்தது. நாவலாசிரியர் எழுதியிருந்தால் அவருக்குப் பெருமை சேர்த்திருக்கக்கூடியது.

கோளாறு தொடங்குவது க்மோர்க் என்ற ஓநாய் மனிதனிடத்தில். படத்தில் அவன் அற்றேயுவைத் துரத்தும் கொடிய மிருகம். இருவரும் சந்திக்கிறார்கள், சில வார்த்தைகள் பேசுகிறார்கள், சண்டை நடக்கிறது, கல்முனை பாய்ந்து அவன் சாகிறான். நாவலில் க்மோர்க் ஆளற்ற பேய் நகரம் ஒன்றில் சங்கிலியால் கட்டுண்டு பட்டினியால் செத்துக்கொண்டிருக்கிறான். அற்றேயு அவனோடு உட்கார்ந்து பேசுகிறான். நாவலின் மையமான செய்தி அந்தப் பேச்சில்தான் வெளிப்படுகிறது. வெறுமைக்குள் விழுந்த கற்பனைப் பிராணிகள் அழிந்துபோவதில்லை என்கிறான் க்மோர்க். அவை மனித உலகத்துக்கு வந்து சேர்கின்றன. வரும்போது பொய்களாக மாறிவிடுகின்றன. பிரமைகளாக, வீண் பயங்களாக, பேராசைகளாக மனிதரின் தலைக்குள் குடியேறுகின்றன. அவற்றை வைத்துக்கொண்டு அதிகாரம் உள்ளவர்கள் மக்களை எதையும் வாங்கச் செய்யலாம், யாரையும் வெறுக்கச் செய்யலாம். தந்தையின் ஓவியங்களைத் தடைசெய்த ஆட்சியின் கீழ்ப் பிள்ளைப்பருவத்தைக் கழித்தவர் இதை எழுதுகிறார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படத்து க்மோர்க்கும் நம்பிக்கை இழந்த மக்களை அடக்கி ஆள்வது சுலபம் என்று சொல்கிறான்தான். ஆனால் கற்பனை பொய்யாக மாறும் அந்த விதியைப் பற்றி அவன் வாய் திறப்பதில்லை.

நாவலில் இந்தக் காட்சி முடியும் விதமும் விசித்திரமானது. செத்துப்போன ஓநாயின் பற்கள் அற்றேயுவின் காலைக் கவ்விப் பிடித்துக்கொள்கின்றன. வெறுமைக்குள் பாயும்படி அதன் ஈர்ப்பு அவனை இழுக்கிறது. பகைவனின் அந்தப் பிடிதான் அவனைக் காப்பாற்றுகிறது. சண்டைக் காட்சியில் இத்தகைய நுட்பத்துக்கு இடமேது?

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பஸ்டியன் பெயரைச் சொல்லத் தயங்கிக்கொண்டே இருக்கிறான். பருத்த, பயந்த இந்தப் பையனைப் பார்த்தால் பேரரசி ஏமாந்து போவாளே என்பது அவன் வெட்கம். அவனை நெருக்குவதற்காகப் பேரரசி, நடப்பதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு கிழவரிடம் சென்று, கதையை ஆரம்பத்திலிருந்து வாசிக்கச் சொல்கிறாள். அவர் வாசிக்கிறார். புத்தகக் கடையின் தலைகீழ்ப் பெயர், கடைக்குள் ஓடிவந்த பையன், பரண், கிழவர், மீண்டும் புத்தகக் கடை. கதை தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பாகச் சுழலத் தொடங்குகிறது. பஸ்டியன் பேசினாலொழிய அதற்கு முடிவில்லை. நாவலின் பெயர் அப்போதுதான் நமக்கு விளங்குகிறது. படத்தில் கிழவர் இல்லை. பேரரசி நேராகவே பார்த்துக் கண்ணீரோடு மன்றாடுகிறாள். பஸ்டியன் யன்னலைத் திறந்து புயலுக்குள் பெயரைக் கத்துகிறான். அது அவனுடைய தாயின் பெயராம். நாவலில் அது அவனே புதிதாகப் படைத்த பெயர்.

பிறகு இருள். பேரரசியின் கையில் ஒளிவிடும் ஒரு மணல்துகள்; ஃபன்டாஸியெனில் மிஞ்சியது அவ்வளவுதான். எத்தனை ஆசைகள் கேட்கலாம் என்கிறான் பஸ்டியன். எத்தனையும் கேட்கலாம், கேட்கக் கேட்க இந்த நாடு செழிக்கும் என்கிறாள் அவள். இந்த உரையாடல் நாவலிலும் உண்டு, படத்திலும் உண்டு. படம் அதை வைத்துக்கொண்டு முடிவுக்குப் போகிறது. நாவலில் அது பதின்மூன்றாம் அத்தியாயம்; இன்னும் பாதி கிடக்கிறது. ஆசைகளுக்கு விலை உண்டு என்பதை அவள் அவனுக்குச் சொல்லவில்லை. அந்த விலை என்ன என்பதுதான் பின்பாதி.

ஒவ்வோர் ஆசை நிறைவேறும்போதும் பஸ்டியன் தன் பழைய வாழ்வின் நினைவு ஒன்றை இழக்கிறான். முதலில் அழகனாக ஆசைப்படுகிறான். ஆனபின், தான் ஒருகாலத்தில் பருத்து வெளிறிக் கிடந்தவன் என்பதை மறந்துபோகிறான். அடுத்துப் பலசாலியாகிறான், வீரனாகிறான், புகழ் பெற்ற கதைசொல்லியாகிறான். எதையும் அவன் அனுபவிக்க முடிவதில்லை. பலவீனமாக இருந்தது மறந்தவனுக்குப் பலத்தால் என்ன மகிழ்ச்சி? அவன் கழுத்தில் தொங்கும் பதக்கத்தில், விரும்பியதைச் செய் என்ற கருத்தில் சில சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மனம்போன போக்கில் நடக்கலாம் என்று அவன் எடுத்துக்கொள்கிறான். உன் உண்மையான விருப்பம் எதுவென்று கண்டுபிடிப்பதே அதன் பொருள், அதைவிடக் கடினமான வழி வேறில்லை என்று பாலைவனத்துச் சிங்கம் ஒன்று எச்சரிக்கிறது. அது அவன் காதில் ஏறவில்லை.

இரக்கத்தினால் செய்யும் காரியங்களும் பிழைத்துப்போகின்றன. தங்கள் அவலட்சணத்தை எண்ணி ஓயாது அழுதுகொண்டிருக்கும் அச்சராய் என்ற பிராணிகளைப் பார்த்து மனமிரங்கி, எப்போதும் சிரித்துக் கூத்தாடும் பூச்சிகளாக மாற்றுகிறான். அவற்றின் கண்ணீரில்தான் ஓர் அழகிய வெள்ளி நகரம் உருவாகியிருந்தது என்பதை அவன் எண்ணிப் பார்க்கவில்லை. பின்னர் ஒருநாள் அந்தக் கோமாளிப் பூச்சிகள் திரும்பி வந்து, அர்த்தமே இல்லாத இந்தச் சிரிப்பு எங்களுக்கு வேண்டாம், எங்களுக்குத் தலைவனாக வா என்று அவனை மொய்க்கின்றன.

ஸாயிடெ என்ற சூனியக்காரியின் முகஸ்துதியில் மயங்கி, கடைசியில் பஸ்டியன் தானே பேரரசனாக முடிசூட முற்படுகிறான். தடுக்க வந்தவன் யார் தெரியுமா? அற்றேயு. எந்த வீரனுடைய துயரத்துக்காகப் பரணில் இருந்து அழுதானோ, அந்த நண்பனின் மார்பிலேயே பஸ்டியன் வாளைப் பாய்ச்சுகிறான். தானாக உறையிலிருந்து வெளிவந்தாலன்றி உருவக்கூடாது என்ற நிபந்தனையோடு கிடைத்த வாள் அது. அவன் பலவந்தமாக உருவிவிட்டான். ஒரு சிறுவர் நாவலில் இத்தகைய காட்சியை எழுதுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நாம் யாரோடு சேர்ந்து முன்னூறு பக்கம் நடந்தோமோ, அந்தப் பிள்ளை நம் கண்முன்னே கொடுங்கோலனாகிறான்.

தப்பி ஓடும் வழியில் பழைய பேரரசர்களின் நகரம் ஒன்றுக்கு வந்து சேர்கிறான். இவனைப் போலவே மனித உலகிலிருந்து வந்து, ஆசைப்பட்டு ஆசைப்பட்டு, கடைசி நினைவையும் இழந்தவர்கள் அங்கே திரிகிறார்கள். நினைவு இல்லாதவனால் ஆசைப்பட முடியாது. ஆசையில்லாதவன் ஊர் திரும்ப முடியாது. ஒரு குரங்கு அவர்களை மேய்க்கிறது. எழுத்துகள் பொறித்த தாயக்கட்டைகளை உருட்டி உருட்டி வரிசையாக அடுக்குவது அவர்கள் வேலை. கதை சொல்லத் தெரியாதவர்கள் அல்லவா, அதனால் அந்த விளையாட்டு. முடிவில்லாத காலம் உருட்டினால் எல்லாக் கதைகளும் தற்செயலாகவே வந்துவிடும் என்று குரங்கு கேலியாக விளக்குகிறது.

கற்பனை தப்பியோட்டமா என்ற விமர்சகர்களின் கேள்விக்கு எண்டெயின் பதில் இங்கேதான் இருக்கிறது. அவர் அதை மறுக்கவில்லை. ஆம், அப்படி ஆகலாம்; அங்கேயே தங்கிவிட்டவன் பைத்தியமாவான் என்று, எதிரிகள் சொன்னதைவிடக் கடுமையாகத் தானே சொல்லிவிடுகிறார். அதன்பின்னரே திரும்பும் வழியைக் காட்டுகிறார்.

அந்த வழி ஒரு சுரங்கத்தினூடாகப் போகிறது. மனிதர் கண்டு மறந்த கனவுகள் மெல்லிய கல்தகடுகளாக மண்ணுக்குள்ளே அடுக்கடுக்காய்க் கிடக்கின்றன. குருடரான ஒரு சுரங்கத் தொழிலாளியின் துணையோடு பஸ்டியன் நாட்கணக்காகத் தோண்டுகிறான். இப்போது அவனுக்குத் தந்தையின் நினைவும் இல்லை, தாயின் நினைவும் இல்லை. மிஞ்சியிருப்பது தன் பெயர் ஒன்றே. ஒருநாள் ஒரு படம் அகப்படுகிறது. வெள்ளை மேலங்கி அணிந்த ஒருவர், கையிலே பல்லின் சாந்து வார்ப்பு, பனிக்கட்டிக்குள் உறைந்து நிற்கிறார். யாரென்று அவனுக்குத் தெரியாது. ஆனால் அந்த மனிதருக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஏக்கம் பிறக்கிறது. அந்த ஏக்கத்துக்கு விலையாகத் தன் பெயரையும் கொடுத்துவிடுகிறான்.

பிறகு அற்றேயு வருகிறான், மார்பில் காயத்தோடு. பெயரில்லாத நண்பனுக்காக ஜீவநீரின் முன்னால் அவனே சாட்சி சொல்கிறான். பஸ்டியன் தொடங்கி வைத்து முடிக்காமல் விட்ட கதைகளையெல்லாம் தான் முடித்துத் தருவதாகப் பொறுப்பேற்கிறான். பஸ்டியன் இரண்டு கைகளிலும் நீரை ஏந்திக்கொண்டு வீடு திரும்புகிறான். நீர் வழியிலேயே சிந்திவிடுகிறது. இரவெல்லாம் தேடிக் களைத்த தந்தையிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்கிறான். அவர் கண்களில் நீர் துளிர்க்கிறது. தாய் இறந்தபின் அந்த வீட்டில் உறைந்திருந்த பனி அப்போதுதான் உருகுகிறது.

மறுநாள் கொரியாண்டரின் கடைக்குப் போகிறான், திருட்டை ஒப்புக்கொள்ள. அப்படியொரு புத்தகம் என்னிடம் இருந்ததே இல்லை என்கிறார் அவர்!

இனித் திரைப்படத்தின் முடிவைப் பாருங்கள். பேரரசியிடம் ஆசையைச் சொன்ன பஸ்டியன் உடனே நாகத்தின் முதுகில் பறக்கிறான். படத்தில் அந்த நாகத்துக்கு நாய் முகமும் ரோமமும். எண்டெ வர்ணித்ததோ முத்துநிறச் செதில்களும் சிங்கத் தலையும் கொண்ட ஒளி பொருந்திய பிராணி. பறந்து போய் மனித உலகத்து நகரத்துக்கே வந்து, தன்னைத் துன்புறுத்திய பையன்களை அந்த நாகத்தைக் கொண்டு துரத்திக் குப்பைத் தொட்டிக்குள் ஒளிய வைக்கிறான். அரங்கிலே பிள்ளைகள் கைதட்டுவார்கள். எண்டெ கைதட்டாததற்குக் காரணம் இருக்கிறது. க்மோர்க் சொன்ன விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கற்பனை உலகத்துப் பிராணி அப்படியே மனித உலகுக்கு வரமுடியாது. வந்தால் அது பொய்யாகிவிடும். நாவலில் தந்தையின் அன்பாக மாறிய கற்பனை, படத்தில் பழிவாங்கும் கருவியாக மாறுகிறது. காலையில் ஒருமுறை தோன்றி, கனவு காணாதே என்று புத்தி சொன்ன தந்தை படத்தில் அதற்குப் பின் வரவேயில்லை. பஸ்டியன் இன்னும் பல ஆசைகள் ஆசைப்பட்டுப் பல சாகசங்கள் செய்தான், அது வேறு கதை என்று ஒரு குரல் சொல்லப் படம் முடிகிறது. கிளைக்கதைகளை வேறொரு வேளைக்கு ஒத்திவைப்பது நாவலில் எண்டெ அடிக்கடி கையாளும் உத்தி. அவருடைய உத்தியை எடுத்தே அவருடைய பதினான்கு அத்தியாயங்களையும் ஒத்திவைத்துவிட்டார்கள்.

எண்டெ ஆரம்பத்தில் திரைக்கதை வேலையில் ஆலோசகராகச் சேர்ந்திருந்தவர்தான். தம்முடைய கருத்துகள் ஏற்கப்படாததைக் கண்டு விலகினார். படத்தை நிறுத்தவேண்டும், அல்லது பெயரையாவது மாற்றவேண்டும் என்று வழக்குத் தொடுத்தார், தோற்றார். தொடக்க எழுத்துகளில் தம் பெயர் வரக்கூடாது என்று கேட்டு அதை மட்டும் பெற்றுக்கொண்டார். வியாபாரமும் மலிவான மிகையுணர்ச்சியும் சேர்ந்து செய்த பண்டம் என்று படத்தைப் பகிரங்கமாகவே சாடினார். சட்டத்தைப் பொறுத்தவரை உரிமையை விற்றவருக்கு அதிகம் பேச இடமில்லை. நாவலைப் பாதியாகப் பிரித்ததை மட்டும் வைத்துப் பீற்றர்சனைக் குற்றவாளியாக்கவும் நான் விரும்பவில்லை. ஒரு படத்துக்குள் இருபத்தாறு அத்தியாயங்களும் அடங்கா. பன்னிரண்டாம் அத்தியாயத்தோடு கதையைத் திறந்தபடியே விட்டிருக்கலாம். இல்லாத வெற்றி ஒன்றை ஒட்டவைத்துதான் தவறு. பின்பாதியிலிருந்து சில பாத்திரங்களை எடுத்து 1990இல் இரண்டாவது படம் ஒன்று வந்தது. அதில் நினைவிழப்பு, சூனியக்காரி வைத்திருக்கும் ஒரு யந்திரத்தின் வேலையாகிவிட்டது. நாவலில் அது யாரும் செய்த சதியன்று. பஸ்டியன் தானே கொடுத்த விலை. 1994இல் வந்த மூன்றாவது படத்தைப் பற்றிப் பேச நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

எண்டெ சினிமாவையே வெறுத்தவர் என்று இதிலிருந்து யாரும் எண்ணிவிடக்கூடாது. அவருடைய "மோமோ" நாவல் 1986இல் ஜொஹானஸ் ஷாஃபின் நெறியாள்கையில் படமானபோது, அதன் தொடக்கக் காட்சியில் ரயிற் பயணி ஒருவராக அவரே தோன்றினார். காலத்தைக் காக்கும் முதியவராக நடித்தவர் புகழ்பெற்ற அமெரிக்க நெறியாளர் ஜோன் ஹியூஸ்டன். எண்டெ 1995இலும் பீற்றர்சன் 2022இலும் காலமானார்கள். படத்துக்காக ஜோர்ஜியோ மொரோடர் இசையமைத்த பாட்டு இன்றும் வானொலிகளில் ஒலிக்கிறது. ஜேர்மனியில் திரையிடப்பட்ட பிரதியில் அந்தப் பாட்டு இல்லை என்பது பலருக்குத் தெரியாது; அங்கே கிளவுஸ் டொல்டிங்கரின் இசை மட்டுமே.

நாவலைத் தேடிப் படிக்க விரும்பும் நேயர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. மான்ஹைமின் ஆங்கிலப் பதிப்புகளில் இரு நிறத்தில் அச்சானவையும் உண்டு. செலவைக் குறைக்க ஒரே நிறத்தில், மனித உலகப் பகுதிகளைச் சாய்ந்த எழுத்தில் போட்டவையும் உண்டு. முடிந்தால் இரு நிறப் பிரதியையே கேட்டு வாங்குங்கள். பஸ்டியனின் கையில் இருந்தது அதுதான்.